லூர்து, பிளஸ் டூ ஃபெயில்

லூர்து போய்விட்டான்.

இன்று காலை ஓமனில்... ஹார்ட் அட்டாக். டியூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தானாம். அவன் தம்பி போன் பண்ணிச் சொன்னபோது "எந்த லூர்து?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது! எனக்கு இருந்தது ஒரே லூர்துதான்.

ஊருக்குக் கொண்டுவர நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் பியூஸ் கேரியர் செய்கிற ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. நான் பேக்கிங், அவன் சூளை.

பிளஸ் டூவில் கணக்கில் போய்விட்டது அவனுக்கு. "திரும்ப எழுதுடா" என்று அவன் அம்மா கெஞ்சும். "இரும்மா, வெந்துட்டு இருக்குது" என்பான். எதைக் கேட்டாலும் அதே பதில்தான், திமிர் பிடித்தவன்.

டைல்ஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று குஜராத் போனான். போன புதிதில் ஒரு நாள் பூத்திலிருந்து போன் பண்ணி அழுதான். "மெஷினு இத்தாலிக்காரன் மெஷினு... திட்டறது குஜராத்திக்காரன். எனக்கு ரெண்டும் புரியலடா."

"பேசாம வந்துடு" என்றேன்.

"வந்தா, என்னா படிச்சிருக்கன்னு ஊரு கேக்கும். இங்க அத எவனும் கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அங்கேயே கிடந்தான். ஹிந்தி கற்றுக்கொண்டான், மெஷினைக் கற்றுக்கொண்டான். சில வருஷத்தில் ஓமனில் பெரிய கம்பெனி, சூளை செக்‌ஷன் முழுக்க இவன் பொறுப்பு. எங்கள் தெருவில் காலேஜ் முடித்தவர்களெல்லாம் வாயைப் பிளக்கிற சம்பளம்.

முதல் லீவில் வந்தவன் விசிட்டிங் கார்டை என் மூக்குக்கு நேராக நீட்டினான். பெயருக்குக் கீழே 'கில்ன் இன்ஜினியர்', அதாவது சூளை இன்ஜினியர். "பாத்தியாடா, காலேஜி வாசல மிதிக்காத இன்ஜினியரு!"

அந்த கார்டுதான் வினையாகிப்போனது.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் பெண் பார்த்தார்கள். ரெஜினா என்று வைத்துக்கொள்கிறேன், அவர் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். பி.எஸ்சி., பி.எட்., ஸ்கூலில் டீச்சர். அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

பெண் பார்த்துவிட்டு வந்தவன் பஸ் ஸ்டாண்டில் டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "நல்ல பொண்ணுடா... நல்ல பொண்ணு." வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கார்டைப் பார்த்த ஹெட்மாஸ்டர், மாப்பிள்ளை பி.இ. என்றே நினைத்துக்கொண்டார். அவர் கேட்கவும் இல்லை, இவன் பொய் சொல்லவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.

பத்திரிகை அடிக்க பிரஸ்ஸுக்குப் போனோம். பெண் வீட்டிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். ரெஜினா பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி., பி.எட். இவன் பெயருக்குப் பின்னால் பி.இ.

நம் பக்கம்தான் தெரியுமே. பத்திரிகையில் பட்டம் இல்லாத பெயர் சட்டை போடாமல் நிற்கிற மாதிரி.

லூர்து பேனாவை வாங்கி பி.இ.யை அடித்தான். சரி, அதோடு விடுவான் என்று பார்த்தேன். பக்கத்திலேயே 'பிளஸ் டூ ஃபெயில்' என்று எழுதினான்.

பிரஸ் ஓனர் பாய் பதறிவிட்டார். "தம்பி, வெறும் பேரா வுட்டுருங்க. எவனும் கேக்க மாட்டான்."

"எவனும் கேக்காமத்தான் பாய் இம்மாந்தூரம் வந்துடுச்சி. போடுங்க."

நானும் கெஞ்சினேன். "வேணான்டா, மாமனார்கிட்ட தனியா பேசிக்கலாம்." கேட்டால்தானே.

தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு முதல் பத்திரிகையை அவனே எடுத்துக்கொண்டு போனான். கூட நானும் போனேன். ஹெட்மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு, உறவுக்காரர்கள் கேட்க உரக்க வாசிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது.

"என்னாங்க தம்பி, கேலியா?"

"இல்லீங்க மாமா, உண்மை."

"உண்மைய எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். அச்சடிச்சா சொல்லுவாங்க?"

அந்த மனிதர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. லூர்து என்னென்னவோ சொன்னான். குஜராத், ஓமன், சம்பளம்... எதுவும் எடுபடவில்லை. ரெஜினா உள் கதவு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தட்டோடு திரும்பி வந்துவிட்டோம்.

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை வரன் வந்தது! ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சம்பளம் ஏறிக்கொண்டே போனது. தம்பி பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினான், பெரிய வீடு கட்டினான், லீவுக்கு வந்தால் என் வீட்டில் வந்து படுத்துக்கொள்வான்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் முதல் முறையாக அந்தப் பேச்சை எடுத்தான். "அந்த எடத்த வெறும் எடமா வுட்டுருக்கலாம்டா... வீம்பு."

"வுடு, இப்ப எதுக்கு அது" என்றேன். பேசியிருக்கலாம் அவன். நான்தான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மதியம் அவன் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தேன். சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். "ரெஜினா பேசறங்க... ஒங்க ஸ்டேட்டஸ தெரிஞ்சவங்க காட்டுனாங்க. அடக்கம் எப்பங்க?"

சொன்னேன். பிறகு அவரே பேசினார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

"அந்தப் பத்திரிகை எனக்குப் புடிச்சிதாங்க இருந்துச்சி. வந்த ஆளு அம்புட்டு நேரமும் எங்கப்பாகிட்டயே பேசிக்கிட்டிருந்தாரு. கதவாண்ட நின்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, சரின்னுதாங்க சொல்லியிருப்பேன்."

கேட்டிருக்கலாமேடா, பாவி.

போய் வா லூர்து.