ஏழாம் நம்பர் அறையின் தாழ்ப்பாள்

ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை வேலையில் நின்றபோது முத்தையா அண்ணன் போன் செய்தார். "தம்பி, பாய் மௌத்தாயிட்டாக. மாரடைப்பு. அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம்."

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அறை லாட்ஜ் நடத்தியவர் காசிம் பாய். அங்கே ரூம் பார்ப்பவர் முத்தையா அண்ணன். டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்த முதல் வருடம் நான் அங்கேதான் தங்கினேன்.

என் பெட்டி லாரியில் பின்னால் வந்ததால், வெறுங்கையோடு போய் நின்றேன். பாய் ஏழாம் நம்பர் கொடுத்தார். உள்தாழ்ப்பாள் இல்லை. மணிக்கொரு தரம் டீ, தண்ணீர், பேப்பர் என்று கதவைத் தட்டினார். நாலாவது டீக்குக் கத்திவிட்டேன். "கோபம் வருதுல்ல, அது போதும். குடிங்க தம்பி" என்று சிரித்தார். எனக்கு விளங்கவில்லை.

பெட்டி வந்ததும் ஒன்பதாம் நம்பருக்கு மாற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெரியகுளத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல், யாரையும் கேட்காமல், ஏழாம் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டேன். ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ.

அடுத்த நாள் வருசநாட்டிலிருந்து ஒருவர் தனியாக, பை கூட இல்லாமல் வந்தார். ஏழாம் நம்பர். முதல் டீயோடு போன பாய் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்டினார். சத்தமில்லை.

"தாப்பா யாரு போட்டது?" என்று பாய் கத்தினார்.

"நான்தான். தாழ்ப்பாள் இல்லாம என்ன ரூமு?"

முத்தையா அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, தனியா வர்ற ஆளுக்கு ஊருல எவனும் ரூம் தரமாட்டான், உள்ள போயி உசுர விட்டுருவான்னு. இவுக மட்டும் அதுக்குன்னே தாப்பா இல்லாம இந்த ரூம வச்சிருக்காக!"

பாய் நெஞ்சைப் பிடித்தபடி, "நாமளும் இல்லேன்னா அந்த ஆளு எங்கன போவாரு?" என்றார்.

கடப்பாரையால் நெம்பினேன். நான் போட்ட ஸ்க்ரூ லேசில் விடவில்லை. மூன்றாவது நெம்பில் கதவு பிளந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கையில் எழுதி முடித்த கடிதம். பாய் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்ட்டீகளா?" என்றார். அவர் உடைந்து அழுதார். சாயங்காலம் மச்சினர் வந்து கூட்டிப்போனார்.

என்னிடம் பாய் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வேல சுத்தம் தம்பி. இனிமே கேட்டுட்டுச் செய்யுங்க."

அன்று கதவுக்கு வெளியே அவர் நெஞ்சைப் பிடித்து நின்றதும் இந்த மாரடைப்பும் ஒன்றா? இத்தனை வருடம் கழித்து அப்படி வராது என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை அவர் இருக்கும்வரை நான் சொன்னதில்லை. குழியருகே, கையில் ஒரு பிடி மண்ணோடு, சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போய் வாருங்கள், பாய்.