ஆய்வுக்குப் பூசிய கிரீஸ்

என் அக்கா புருஷனைப் போல ஓர் அறிவாளி இந்த உலகத்தில் கிடையாது. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலை. அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்டை மேலிருந்து கீழ்வரை சோதித்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கே ஏதோ வானத்தைத் தாங்கிப் பிடித்திருப்பவர் மாதிரி நடப்பார். சட்டைப் பையில் மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டை, தோள் பையில் 'ஓடக்கூடாது' என்று எழுதிய சிவப்பு அட்டை.

கைக்குட்டை முகம் துடைக்க அல்ல. லிஃப்ட் ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளத்தில் அதை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். ஒழுங்காகப் பராமரித்த இடத்தில் கிரீஸ் நாள்பட்டுக் கறுத்திருக்கும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று முந்தின வாரம் அவசரமாக அப்பியிருந்தால் மேலே பளபளக்கும். நகத்தால் சுரண்டினால் அடியில் துரு. அப்படிச் சிக்கிவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம்தான். கட்டிட மேனேஜரை நிற்கவைத்து, குடியிருப்பவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். அதை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"லிஃப்ட் எனக்காக ஓடக்கூடாதுய்யா. தினமும் ஏறுறவங்களுக்காக ஓடணும்."

சொல்லிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். நாங்கள் தலையாட்ட வேண்டும்.

ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பு வந்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ஸ்டாட்டின் என்று பெயர், தினமும் ஒன்று. ரத்தத்தில் கொழுப்பின் அளவு இறங்கினாலும் நிறுத்தக்கூடாது, இறங்கியதே மாத்திரையால்தான். குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பு வெடிக்காமல் இருக்கவும் அதுதான் காவல். மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால் எனக்கு இதெல்லாம் பழைய பாடம். அத்தான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "தெரியும், தெரியும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. அளவு அழகாக இறங்கியிருந்தது. அன்றைக்கே பிடித்தது சனியன். பழுது சரியாகிவிட்டதாம், இனி எதற்கு மாத்திரை என்றார். போதாக்குறைக்கு, கால் வலிப்பதும் அதனால்தானாம். எழுபது கிலோவில் இருந்தவர் எண்பத்தெட்டுக்குப் போனதற்கும் கால் வலிக்கும் சம்பந்தமே இல்லை! வலி நிஜமாகவே மாத்திரையால்தான் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை தருவார், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று நான் சொன்னேன். என் கடையில், நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, அவர் சொன்ன பதில் இது.

"நீ மாத்திரை விக்கிறவன் மாப்ளே. ஆயுசு பூரா சாப்பிடுன்னுதான் சொல்லுவே."

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அன்றைக்கு வாயை மூடியவன்தான்.

அதன் பிறகு அந்த மேதை செய்ததைக் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மற்ற மாத்திரைகளை மாதா மாதம் வாங்குவார். டாக்டர் மிரட்டியிருந்ததால் அவற்றை நிறுத்தவில்லை. இந்தக் கொழுப்பு மாத்திரையை மட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனைக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் வந்து மூன்று அட்டை வாங்குவார். முப்பது நாள் போடுவார். ரத்தம் கொடுப்பார். அளவு அழகாக இருக்கும். அடுத்த நாளிலிருந்து நிறுத்திவிடுவார். மீதி ஐந்து மாதம் உள்ளே துருப் பிடிக்கலாம், யார் கேட்பது? முந்தின வாரம் கிரீஸ் அப்பும் மேனேஜர்களைப் பார்த்தால் மூஞ்சியில் காறித் துப்பாத குறையாகப் பேசுகிற அதே மனுஷன்தான்.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவார், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி. அக்கா அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பாள். மாத்திரை எல்லாம் அவர் ஆபீஸ் பையில் இருப்பதால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு கட்டுப்பாடா இருக்கார் பாரு என்று என்னிடமே சொல்வாள். நான் அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, ஆமாம் என்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பிடித்திருந்தது. ரெண்டு வருஷம் இப்படிப் போனது.

போன மாதம் ஒரு ஒன்பது மாடிக் கட்டிடத்துக்கு ஆய்வுக்குப் போயிருக்கிறார். நடந்ததை அந்தக் கட்டிடத்து மேனேஜர்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். அத்தான் தண்டவாளத்தைச் சுரண்டினார், துரு வந்தது. சொற்பொழிவு முழுசாக நடந்தது. பிறகு மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். லிஃப்ட் இல்லை என்றால் படியில்தானே இறங்க வேண்டும்? ஐந்தாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

லிஃப்டைத் திறந்துவிடட்டுமா என்று மேனேஜர் கேட்டாராம். கூடாது என்று கையை ஆட்டினாராம். அந்த நேரத்திலும் வீம்பு பாருங்கள். மேனேஜரும் வாட்ச்மேனும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஐந்து மாடி தூக்கி இறங்கியிருக்கிறார்கள். தன்னை அத்தனை பேர் முன்னால் திட்டிய ஆளைத்தான் அந்த மேனேஜர் சுமந்திருக்கிறார்.

உயிர் தப்பிவிட்டது. இதயம் முன்பு இருந்ததில் பாதி பலத்தோடுதான் இனி உழைக்கும் என்றார்கள். டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு குழம்பினார். அளவு எல்லாம் இவ்வளவு நன்றாக இருந்தும் புதிதாக ரெண்டு அடைப்பு எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. மாத்திரை தினமும் போட்டாரா என்று அக்காவிடம் கேட்டார். ஒரு நாள் விடாமல் போட்டார் என்றாள் அவள். கட்டிலில் கிடந்த அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சொல்லிவிட்டேன். வருஷத்துக்கு ரெண்டே தடவை, பரிசோதனைக்கு முந்தின மாதம் மட்டும், மூன்று அட்டை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

அக்கா அத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டாள். ரெண்டு வருஷமாக என்றேன்.

"அவருக்குத்தான் புத்தி இல்ல. உனக்கு இருந்துச்சே தம்பி."



இப்போது மாத்திரை மாதா மாதம் தவறாமல் போகிறது. அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீரும் கையுமாக அவள் பக்கத்தில் நிற்பதாகக் கேள்வி. வாங்குவது என் கடையில் இல்லை. மாதத்தின் முதல் நாள் என் கடையைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போவாள், தலையைத் திருப்பாமல் திரும்பி வருவாள். கையில் இருக்கிற மெல்லிய உறைக்குள் மற்றவற்றோடு அந்தக் கொழுப்பு மாத்திரை அட்டைகளும் தெரியும். நான் இங்கிருந்தே எண்ணிவிடுவேன். மூன்று இருக்கும்.