பரீட்சைக் கட்டில்

புளியறைச் சோதனைச் சாவடிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உலகம்மை சமையல் செய்தாள். பிறந்தது இலத்தூர், வாழ்க்கைப்பட்டது குற்றாலம். குழம்பைக் குறை சொல்லும் லாரிக்காரனை, "பிடிக்கலைன்னா எந்திரி, அடுத்தவன் நிக்கான்" என்று எழுப்பிவிடுவாள். கணவன் இசக்கி, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அதிகம் பேசமாட்டான். பிள்ளைகள் இல்லை.

மார்பில் வந்த கட்டியை அவள் அவனிடம்கூடச் சொல்லவில்லை. அது உடைந்து புண்ணான பிறகும் துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வாடை தாங்காமல் கடைக்காரர் அவளை நிறுத்தியபோதுதான் இசக்கிக்கு விஷயம் தெரிந்தது. தென்காசி டாக்டர் பார்த்துவிட்டு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். 1982, சாரல் பிடித்திருந்த நேரம்.

நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது, அறுத்தும் பயனில்லை என்றார்கள் அங்கே. ஆனால் ஊசி போட்டார்கள். போட்டால் வலி அடங்கிக் கண்ணசருவாள். அந்த ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

சில நாளில் கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்கள். பயிற்சி டாக்டர் முகம்மது மீரான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுத்த மாசம் மாணவங்களுக்குப் பரீட்சை வருதும்மா. நோயாளியைக் காட்டித்தான் கேள்வி கேப்பாங்க. நீங்க சம்மதிச்சா அதுவரைக்கும் இங்கனயே இருக்கலாம்."

"ஊசி?"

"அதுவும் உண்டு."

கட்டிய புருஷனிடம் மறைத்த உடம்பு. "சரிய்யா, இருக்கேன்" என்றாள்.

மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். திரையை இழுத்துவிட்டு ஒவ்வொருவராகத் தொட்டு, அழுத்திப் பார்த்தார்கள். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வராந்தாவில் நின்ற இசக்கிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"போதும்ட்டி, வீட்டுக்குப் போவோம்."

"வீட்டுல ஊசி வச்சிருக்கீரோ?"

அவன் மறுபடி வராந்தாவுக்கே போய் நின்றுகொண்டான்.

பரீட்சையன்று வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் ஒரு மாணவி தொடத் தயங்கி நின்றாள். "பயப்படாத தாயி, நல்லா அமுக்கிப் பாரு" என்றாள் உலகம்மை.

பரீட்சை முடிந்த மறுநாளே அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. மீரான் பெரிய டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. கொஞ்சம் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த வலிக்கு மாத்திரை எம்மாத்திரம்? குற்றாலத்து வீட்டில் இசக்கி தனக்குத் தெரிந்ததைச் செய்ய எண்ணெயைக் காய்ச்சி அவள் முதுகில் விரல் வைத்தான். அலறிவிட்டாள். அதற்குப் பிறகு அவளைத் தொடவே பயந்தான். அக்கம்பக்கத்தார் முதலில் வந்து பார்த்தார்கள். பிறகு சன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

"என்னைத் திரும்பக் கொண்டு போயி விடும். இன்னொரு பரீட்சை வராமலா போவும்?" என்று அழுதாள்.

அவன் போய்க் கேட்டான். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. திரும்பி வந்து, "அடுத்த வாரம் கூப்பிடுதாவளாம்" என்றான். அவள் நம்பினாள். அந்த அடுத்த வாரத்தை ஐப்பசி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கத்துவது மட்டும் நிற்கவில்லை.

அது நின்ற காலையில் இசக்கிக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்துத்தான் பின்னால் அழுதான்.