நாலு நூல் தகடு

அந்தத் தகட்டை வைத்து ஒட்டியவன் நான். ஒட்டியவன் உயிரோடு நின்று சொல்ல, தாளில் எழுதி இருக்கிறதா என்று கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பத்து நாலில் மெல்பேர்ண் வந்து, டண்டினோங்கில் ட்ரெயிலர் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வேலையை மேற்பார்க்கிற போர்மன் ஒரு வெள்ளைக்காரர். பழைய இராணுவ வண்டிகளைச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். கேரம் டவுன்ஸ் பக்கம் பெரிய தகரக் கொட்டகை வைத்திருந்தார். அங்கே எங்கள் ஆட்களின் கோயில் வருவதற்கு முந்தின காலம், சுற்றிவர மாட்டுப் புல்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உதவி செய்வேன். என் அரைகுறை இங்கிலிசும் கைச்சாடையும் அவருக்குப் பழகிவிட்டது.

அங்கேதான் அந்தச் சின்ன டாங்கி நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பரீட்சித்துப் பார்க்கவென்று ஒன்றே ஒன்று செய்தார்களாம். பக்கத் தகடு கால் அங்குலம், எங்கள் தொழிற்கணக்கில் இரண்டு நூல். கிட்ட நின்று சுட்டால் தாங்காது, உள்ளே ஆளை இருத்த முடியாது என்று இராணுவம் வேண்டாம் என்றுவிட்டது. பிறகு பண்ணை வைத்திருந்த யாரோ ஒரு கமக்காரர் அதை வாங்கி மரக்குற்றி இழுத்திருக்கிறார். இடப்பக்கம் முழுக்கத் துருப்பிடித்து உக்கிப்போயிருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் லொறி திருத்துகிற கராச்சில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் காணாதவன். ஒட்டுப் போட்டால் பழைய தகட்டைவிடத் தடிப்பாகப் போடு, வண்டி திரும்பி வரக்கூடாது என்பது எங்கள் கராச்சுப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் நாலு நூல் தகடு வெட்டி வைத்தேன். சாதாரண இரும்பு. அரை அங்குலம். போர்மன் பார்த்துச் சிரித்தார், பூச்சடித்தார், அவ்வளவுதான்.

வீட்டில் என்ரை மனுசிதான் கேலி செய்யாமல் விடவில்லை. "ஊரில ஆமியின்ரை கவச வண்டியைக் கண்டு ஓடி வந்த ஆள், இஞ்ச வந்து அதுக்குப் பவுடர் பூசுறார்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் போடுகிற கோப்பியைக் குடித்துக்கொண்டு அவர்களும் சிரிப்பார்கள்.

இருபது வருசத்துக்கு மேலாயிற்று. நானும் போர்மனும் பென்சன் எடுத்துவிட்டோம். ஒருநாள் நகரத்திலிருந்து வீடியோ கேம் செய்கிற கம்பனி ஆட்கள் கொட்டகைக்கு வந்தார்கள். ஒரு முதலாளிப் பெடியன், அவனோடு ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்பிள்ளை. அந்த டாங்கியை விளையாட்டில் ஓட விடப்போகிறார்களாம். வலப்பக்கம் சுவரோடு ஒட்டி நின்றபடியால் இடப்பக்கத்தை மட்டும் அளந்தார்கள்.

"பிள்ளை, அது என்ரை தகடு. பழசு இதில அரைவாசிதான். அவருக்குச் சொல்லும்" என்றேன்.

"சொல்றேன் அங்கிள்."

சொன்னாள். அவன் தலையாட்டினான். நானும் நம்பினேன்.

விளையாட்டு வெளிவந்ததும் மருமகன் தன் கம்பியூட்டரில் போட்டுக் காட்டினார். எந்தக் குண்டு பட்டாலும் என் டாங்கி அசையவில்லை. இரண்டு பக்கமும் நாலு நூல். இந்த அருமையான டாங்கியை இராணுவத்து மடையர்கள் தள்ளிவிட்டார்கள் என்று கீழே இங்கிலிசில் எழுதியும் இருந்ததாம். மருமகன் வாசித்துச் சொன்னார். அவர்கள் மடையர்கள் இல்லை. இரண்டு நூல் தகட்டுக்குப் பின்னால் ஒரு மனிதனை நினைத்துப் பார்த்தவர்கள். ஊரில் சூடு பட்டு வந்த லொறிகளைத் திருத்தி, கதவுத் தகடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கண்ணால் கண்டவன் நான்.

அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"நான் சொல்லிட்டேன் அங்கிள். எழுத்துல ஆதாரம் இருக்கான்னு கேக்குறாங்க."

"ஒட்டினவன் கதைக்கிறன் பிள்ளை. வேற என்ன ஆதாரம்?"

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் பேப்பர் வேணும்."

இந்த நாட்டுக்கு வந்தபோது குடிவரவுக் கந்தோரில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எரிந்துபோய்விட்டது என்றேன். நான் பிறந்ததையே சந்தேகப்பட்டு ஆறு மாதம் இழுத்தார்கள். அதே கதைதான் இதுவும்.

போர்மனிடம் போய்த் தகட்டில் ஒரு துளை போடக் கேட்டேன். "உன் தகடு, உன் விருப்பம். பழையதில் கை வைக்காதே" என்றார். வட்டம் வெட்டுகிற அலகால் அறுத்து, பிஸ்கட் அளவில் ஒரு துண்டு எடுத்தேன். அதையும் ஒரு அரத்தையும் பையில் போட்டுக்கொண்டு ரெயில் ஏறி அவர்களுடைய கந்தோருக்குப் போனேன்.

முதலாளிப் பெடியனின் மேசையில் வைத்து இரண்டு இழுப்பு அராவிக் காட்டினேன். வெண்ணெய் மாதிரித் தூள் கொட்டியது. கவசத் தகடு இப்படி அராவுப்படாது என்றேன். பிள்ளை அதை இங்கிலிசில் சொன்னாள். அவன் துண்டை உருட்டிப் பார்த்தான். நான் சொல்வது சரிதான் என்று ஒத்துக்கொண்டான். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னவாம்?"

"விளையாடுறவங்களுக்கு இப்படித்தான் பிடிச்சிருக்காம் அங்கிள். மாத்தினா கோபப்படுவாங்களாம்."

"அப்ப என்னத்துக்குப் பேப்பர் கேட்டவர்?"

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. துண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போர்மன் துளையை ஒட்டி மூடச் சொன்னார். மாட்டேன் என்றேன். கொட்டகைக்கு வருகிறவர்கள் விரலை விட்டு எவ்வளவு தடிப்பு என்று பார்க்கட்டும். அவர் போய், தகட்டுக்குப் பக்கத்தில் எழுதித் தொங்கவிட ஒரு மட்டையும் பேனையும் எடுத்துவந்து, நான் சொல்லச் சொல்ல இங்கிலிசில் எழுதினார். யார் வைத்தது, எந்த வருசம், எத்தனை நூல் என்று. நான் அதற்கிடையில் துளையின் விளிம்பை, யாருடைய விரலையும் வெட்டாதபடி, அராவிக்கொண்டிருந்தேன்.