ஒரு கண்ணுக்கு இரண்டு கண்மலர்

எனக்கு வலது கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆத்தாவின் அருளைச் சொல்ல வருகிறவர்கள் எல்லாம் போனது அப்படியே திரும்பி வந்தது என்றுதான் சொல்வார்கள். எனக்கு அப்படி வரவில்லை. பாதிதான் மிஞ்சியது. அந்தப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரரும் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறோம். பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா. பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு நானும் கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தேன். எங்கள் ஊரில் காப்பு ஏறிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற்ற மகளைப் பார்க்கக்கூடப் போகமாட்டோம். அவ்வளவு கட்டுப்பாடு.

அந்தச் சமயம் எனக்கு ஓயாத தலைவலி. சீப்பு பட்டாலே நெற்றிப்பொட்டு வலிக்கும். சோறு மென்றால் தாடை கடுக்கும். விரதத்தில் உடம்பு சோர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாவிளக்குக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முறத்தில் பாதியைக் காணோம். வலி இல்லை, எரிச்சல் இல்லை. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். கும்மிருட்டு.

"ஏங்க, எனக்குக் கண்ணு தெரியலைங்க!" என்று கத்தினேன். அவர் ஓடி வந்து நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் நனைத்து ஒற்றினார். "தஞ்சாவூருக்குப் போயிடலாமாங்க?" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"காப்போட எப்படி வசந்தா? தெய்வக் குத்தமாயிடும். திருவிழா முடியட்டும். ஆத்தாளே குடுத்துடுவா."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கண்ணைக் கொடு தாயே, வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு படுத்தேன். விடிந்தது. வலது கண்ணுக்கு விடியவில்லை. இடது கண்ணிலும் ஒரு மங்கல் வருவதும் போவதுமாக இருந்தது. ஐயோ, அப்படி ஒரு பயம் என் ஆயுசில் பட்டதில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சன்னதியில் விழுந்து அலறினேன். "ஒரு கண்ணையாவது விட்டு வையேன்டி! நாத்துக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாம நான் என்னத்தப் பொழைக்கிறது?" வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவளைத் தவிர யாரை ஏசுவேன்?

எங்கள் பூசாரி என்னைவிட இளையவர், முன்கோபி. விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "கண்ணு போயிக்கிட்டு இருக்கு, எல்லை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?" பிறகு என் கையிலிருந்த காப்பை அவிழ்த்தார். ஆத்தா காலடியில் வைத்து எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

"உங்க காப்பு என் கையில இருக்குக்கா. குத்தம் வந்தா எனக்கு வரட்டும். கெளம்புங்க."

தஞ்சாவூரில் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "தலைக்குப் போற ரத்தக்குழாய் வீங்கிப்போயிருக்கும்மா. கண்ணுக்கு ரத்தம் போகலைன்னா உள்ள இருக்கிற நரம்புக்குப் பிராணவாயு கிடைக்காது. மூச்சு முட்டிச் செத்துடும். செத்த நரம்பு திரும்ப உயிர் பிடிக்காது. வலது கண்ணை என்னால தர முடியாது. இடது கண்ணைக் காப்பாத்தப் பாக்குறேன்."

"நேத்தே வந்திருந்தா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தலைவலி ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும்ங்க."

அவர் வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் அழுதது எனக்குக் கேட்டது. அந்த அழுகை இன்னும் காதிலேயே இருக்கிறது.

அன்றைக்கே சொட்டுச்சொட்டாக மருந்து ஏற்றினார்கள். நான் ஆத்தா பெயரைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன். மறுநாளும் மருந்து ஏறியது. மங்கல் வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அது போதும் என்று அழுதேன். போதாது என்றும் அழுதேன்.

மாத்திரை இன்னும் ஓடுகிறது. அதனால் முகம் உப்பிவிட்டது. வரப்பில் நடந்தால் வலது கால் சேற்றில் இறங்கிவிடும். அதனால் அவர் எப்போதும் என் வலது பக்கமாகவே வருகிறார். திரும்பிப் பார்த்தால்தான் அவர் முகம் எனக்குத் தெரியும்.

கண்மலர் வாங்கப் போன இடத்தில் அவர் தயங்கினார். "ஒண்ணு போதுமா வசந்தா?"

"ரெண்டுமே வாங்குங்க. இருக்கிற கண்ணுக்கு ஒண்ணு. போன கண்ணையும் அவகிட்டயே குடுத்துடுவோம்."

பூசாரி இரண்டையும் அம்மன் முகத்தில் சாத்தினார். தீபாராதனையில் இரண்டும் மின்னின. ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

அவளை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்புங்கள், கைவிடமாட்டாள். ஆனால் உடம்பு கூப்பிட்டால் காப்போடேயே எல்லையைத் தாண்டிப் போங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவள் என்னோடு இருந்தாள்.

இந்தப் பங்குனிக்கும் காப்பு கட்டிக்கொண்டேன். கட்டி முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி பூசாரி சொன்னார்: "முடிச்சை லேசாத்தான் போட்டிருக்கேன்க்கா. ஏதாச்சும்னா நீங்களே உருவிப் போட்டுட்டுப் போயிடுங்க."