டீக்கடை வரைக்கும் எடுக்கும்

தம்பானூரில் உச்சிமாகாளி வைத்திருப்பது ஹெட்செட்டும் சார்ஜரும் தொங்கும் ஒரு பெட்டிக்கடைதான். ஆனால் புளூடூத் ஸ்பீக்கர் விற்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேச்சை நம்பாதவர்களுக்கென்று ஒரு வித்தை வைத்திருந்தார். போனில் பாட்டைப் போட்டுவிட்டு, போனோடு எதிர் டீக்கடைக்கு நடப்பார். கடையில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருக்கும். எட்டு வருடமாக அதற்கு மயங்கி வாங்காதவர் இல்லை; வாங்கியபின் திரும்பி வந்து அவரைப் புளுகன் என்று திட்டாதவரும் இல்லை.

அன்று லாட்ஜில் வேலை பார்க்கும், மலையாளம் கலந்து பேசும் கௌசல்யா வந்தாள்.

"ரெண்டு வருசம் அசையாதும்மா. டீக்கடை வரைக்கும் எடுக்கும், பாரு" என்று கிளம்பினார்.

டீக்கடையை எட்டியதும் போன் அடித்தது. சாலைக் கடைத்தெருவிலிருந்து சரக்கு அனுப்பும் தங்கபாண்டி. எடுத்துக் காதில் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. "ஹலோ, ஹலோ" என்று கத்தினார்.

தங்கபாண்டியின் குரல் கடையிலிருந்த ஸ்பீக்கரில் முழங்கியது: "அண்ணே, இந்தத் தடவை வந்த ஸ்பீக்கர் ரெண்டு மாசம் தாங்காது. சீக்கிரம் யார் தலையிலயாவது கட்டிருங்க."

உச்சிமாகாளி திரும்பியபோது கௌசல்யா ஸ்பீக்கரைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எடுக்குது கேட்டோ, அண்ணாச்சி. அங்க வந்த போன் இங்க ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

அவர் தன் சரக்கைப் பற்றிச் சொன்னது உண்மை என்று ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.