ஏணி வாலில் என் பாவாடை

என் அப்பா காஞ்சிபுரத்தில் ஒயர்மேன். கல்யாண வீடு, கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம் என்று ஊரில் எங்கே சீரியல் பல்பு தொங்கினாலும் அதில் பாதி என் அப்பா கட்டியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வேன். மீதிப் பாதியையும் சேர்த்துச் சொன்ன நாட்கள் உண்டு. அவரிடம் இருபதடி மூங்கில் ஏணி ஒன்று இருந்தது. அவருடைய தம்பி, என் சித்தப்பா, பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி டாக்சி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்த ஏணி கார் கூரைமேல் கேரியரில்தான் பயணம் செய்தது.

அதைக் கட்டுவதில் அப்பா காட்டிய கவனத்தை வேறு எதிலும் காட்டி நான் பார்த்ததில்லை. கேரியர் கம்பிகளின்மேல் சாக்கை மடித்துப் போடுவார். ஏணியின் இரண்டு காலையும் ஒவ்வொரு கம்பியோடும் தனித்தனியாகக் கட்டுவார். பிறகு முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, பம்பர்வரை இழுத்து முறுக்குவார். ஈரக் கயிற்றைத் தொடமாட்டார். காய்ந்தால் தளர்ந்துவிடுமாம். எல்லாம் முடிந்ததும் ஏணியின் நுனியைப் பிடித்து உலுக்குவார்.

"வண்டி ஆடணும். ஏணி தனியா ஆடக் கூடாது" என்பார். கொஞ்சம் ஆடினாலும் மொத்தத்தையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

சித்தப்பா ஸ்டியரிங்முன் உட்கார்ந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பார். "இன்னாண்ணா, ஏணியக் கட்டறியா, பொண்ணுக்குத் தாலி கட்டறியா?"

கடைசியாக, காருக்குப் பின்னால் நாலைந்தடி நீட்டிக்கொண்டிருக்கும் ஏணி வாலில் ஒரு சிவப்புத் துணி. அதைக் கட்டாமல் அப்பா வண்டியை நகர்த்த விட்டதே இல்லை.

எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறை. பக்கத்து ஊரான தாமலில் மறுநாள் கல்யாணம் நடக்க இருந்த வீட்டுக்கு விளக்குக் கட்டப் போனார்கள். காரில் போகவேண்டும் என்று அழுது அடம்பிடித்து நானும் பின் சீட்டில் ஒயர் சுருள்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன். தெருமுனைக் குழாயடியைத் தாண்டும்போது என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் ராணியைப் போலக் கையசைத்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, காருக்குப் பின்னால் பார்த்தார்கள்.

"ஏய், அவ பாவாடை பறந்துக்கினு போவுதுடி!"

திரும்பிப் பார்த்தேன். பழைய சிவப்புத் துணி கிழிந்துபோனதென்று அம்மா என் சிவப்புப் பாவாடையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் நான் கட்டி ஆடிய அதே பாவாடை. பொத்தல் விழுந்ததெல்லாம் ஊருக்கே தெரியும்படி காற்றில் விரிந்து அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பு கார் திரும்பிய பிறகும் காதில் கேட்டது.

எலெக்ட்ரிக் கடை வாசலில் கார் நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் உள்ளே போனார்கள். நான் இறங்கிப் பின்னால் போய் பம்பர்மேல் ஏறினேன். அப்பா போட்ட முடிச்சை அவிழ்ப்பது என்னால் ஆகிற காரியமாக இல்லை. தொங்கிக்கொண்டு இழுத்தேன். துணி கிழிந்து கையோடு வந்தது. முடிச்சு மட்டும் ஏணியிலேயே நின்றது. பாவாடையைச் சுருட்டி முன் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு நல்ல பெண்ணாக உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் சாமான்களோடு வந்து, காரின் பின்பக்கம் போகாமல் முன்பக்கமாகவே ஏறிக்கொண்டார்கள்.

ஊர் எல்லையில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. சித்தப்பா பிரேக் போட்டார். ஏணி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து சைக்கிள் விழும் சத்தம்.

மாலை வெயில் எதிரே கண்ணில் அடிக்கிற நேரம். அந்த வெளிச்சத்தில் நேர் பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு ஏணி என்பது இரண்டு புள்ளிகள்தான். சைக்கிளில் பின்னால் வந்தவர் ஒரு நெசவாளி, இருபத்தைந்து வயதிருக்கும்; அந்தப் புள்ளிகளில் ஒன்று அவர் புருவத்தைக் கிழித்திருந்தது. முகம் பாதி ரத்தம். ஆனால் அவர் முகத்தைப் பிடிக்கவில்லை. சைக்கிள் கேரியரில் வைத்திருந்த பாவு மூட்டையை, தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூலை, இரண்டு கையாலும் தூக்கித் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாம்பழ நிறப் பட்டு.

முதலில் இறங்கி ஓடியவள் நான்தான். "பாப்பா, இத்தப் புடிச்சுக்கோ. ரத்தம் பட்டா போவாதும்மா" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்பா தன் துண்டை அவர் நெற்றியில் வைத்து அழுத்தினார். அது சீக்கிரமே நனைந்துவிட்டது. "வேற துணி இருக்குதா பாரு" என்றார். சித்தப்பா சீட்டுக்கு அடியில் கைவிட்டு என் பாவாடையை இழுத்தார்.

அப்பா அதைக் கையில் வாங்கினார். ஒரு முறை ஏணியின் வாலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் துணியை நீளமாக மடித்து அவர் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். இன்னும் அரை அங்குலம் இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். செய்தி கேட்டு ஓடிவந்த நெசவாளியின் அண்ணன் நேராக அப்பாவிடம் பாய்ந்தார்.

"வால்ல ஒரு செவப்புத் துணி கட்டணும்னு தெரியாதாய்யா உனக்கு? எத்தினி வருசமா ஏணி தூக்கற?"

"கட்டாம வுட்டுட்டேன்பா. என் தப்புதான்."

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாண்ணா சொல்ற? நீ கட்டினியே, நான் பாத்தனே..."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. அப்படி அதட்டி நான் கேட்டதில்லை.

பாவு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உயிர் வந்தது. கட்டியதையே அப்பா மறந்துவிட்டார் என்று நம்பினேன். மறதிக்காரரான அப்பா வாய்த்ததற்கு எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னேன். வெளியே வந்ததும் அப்பா எதிர்க்கடையில் அரை முழம் சிவப்புத் துணி வாங்கினார். ஏணியில் நின்றிருந்த பழைய முடிச்சை நகத்தால் பொறுமையாகப் பிரித்து எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டினார். நான் காருக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த முடிச்சு அப்பாவுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நெசவாளி மூன்று வாரம் தறியில் உட்காரவில்லை. வீங்கிய கண் திறக்கும்வரை அப்பா தினமும் அவர் வீட்டுக்குப் போய்வந்தார். கண் பிழைத்தது. ஆனால் அவருடைய அண்ணன், கருட சேவைக்கு வீதி விளக்குப் போடும் உற்சவக் கமிட்டியில் ஒருவர். ஏணியையே ஒழுங்காகக் கட்டத் தெரியாதவனை நம்பித் தெருவெல்லாம் கரண்டை எப்படி விடுவது என்று கமிட்டியில் அவர் கேட்டாராம். வருஷா வருஷம் அப்பா செய்துவந்த அந்த வேலை அந்த வருடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. இதைச் சித்தப்பா என்னிடம் சொன்னபோது எனக்கே குழந்தைகள் பிறந்துவிட்டன.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வைகாசி கருட சேவையின்போது எப்போதும் ஏதாவது கம்பத்தின் உச்சியில் இருக்கும் அப்பா, அந்த வருடம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி கீழே நின்றார் என்பதுதான். கூட்டம் நெருக்கியபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். குடை, மேளம், பெருமாள் எல்லாம் என் கண் உயரத்தில் வந்தன. அப்பா மட்டும் வீதி நெடுக யாரோ கட்டியிருந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"அப்பா, வருஷா வருஷம் நாம இப்படியே வரலாம்பா."

"வரலாம்மா" என்றார்.